குங்குமம் வைத்த ரம்பம்

1

இன்று காலை செங்காங்கில் எல்ஆர்டி குட்டி ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது, கேட்காமலேயே கைபேசி ஒரு படத்தை எடுத்து நீட்டியது. மேலே ஒரு வரி: சென்ற ஆண்டு இதே நாள். இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. கைபேசிக்குத் தேதி தெரியும், திதி தெரியாது. அதனால் பூஜைக்கு முன்பே பூஜைப் படம் வந்துவிட்டது.

படத்தில் ஓர் இயந்திரம். மஞ்சள் உடம்பு, மேலே அலுமினியப் பலகம். பலகத்தின் நடுவில் ஆரஞ்சு நிறத் தகடு, தகட்டில் நீளமாக ஒரு கீற்று. அந்தக் கீற்றிலிருந்து பாதி உடம்போடு எழுந்து நிற்கிறது ஒரு வட்ட ரம்பம், குளத்திலிருந்து தலை தூக்கும் நிலவைப்போல. பல் முளைத்த நிலா. டேபிள் சா என்பார்கள். ஊரில் மரக்கடைகளில் இதன் பெரியண்ணனைப் பார்த்திருப்பீர்கள். இது தம்பி, ஓர் ஆள் கட்டிப்பிடித்துத் தூக்கிவிடலாம்.

மஞ்சள் உடம்பில் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்திருக்கிறது. பலகத்தின் நான்கு மூலையிலும் பொட்டு. தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகைச் சரம் கைப்பிடியில் சுற்றியிருக்கிறது. இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், தாம்பாளத்தில் தேங்காய், பொரி, வெற்றிலை. தாம்பாளத்துக்குப் பக்கத்தில் இயந்திரத்தின் மின்கம்பி சுருண்டு கிடக்கிறது, நைவேத்தியத்துக்குக் காத்திருக்கும் பூனைபோல. அதன் முனையில் பிளக்குக்குப் போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றவில்லை. ஓரத்தில் என் மனைவி சுமதியின் முழங்கை மட்டும் தெரிகிறது.

ரயில் வந்தது. ஏறினேன். இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்கவில்லை. இந்த ரயில் வட்டமாகச் சுற்றி வரும். மறந்து உட்கார்ந்திருந்தால் ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம் அது. அடுக்குமாடிகளின் ஜன்னல்கள், காயும் சட்டைகள், மூங்கில் கழிகள், யாரோ ஒருவர் வளர்க்கும் கருவேப்பிலைச் செடி எல்லாம் மறுபடி மறுபடி வந்தன. அந்தப் படத்தைப் பார்த்தபடி ஒரு முழுச் சுற்று சுற்றினேன். அதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

2

சுமதி திருவெறும்பூர்க்காரி. அவள் அப்பா, என் மாமனார், அங்கே ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். தெரு முழுக்கப் பட்டறைகள்தான். காலையில் தொடங்கும் இரும்புச் சத்தம் சாயங்காலம்தான் ஓயும். பெண் பார்க்கப் போன அன்று அவர் கேட்ட எதுவும் எனக்குக் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்று சுமதி இன்றுவரை சொல்லவில்லை.

ஆயுத பூஜை அன்று மட்டும் அந்தத் தெரு வாயடைத்துவிடும். கழுவித் துடைத்து எண்ணெய் போட்ட இயந்திரங்கள் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அன்று யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள். மறுநாள் விஜயதசமிக்குத்தான் முதல் ஓட்டம். அந்த ஒரு நாளில் பட்டறைக் கூரையில் குருவிகள் இருப்பது தெரியவரும். கல்யாணமான முதல் வருஷம் அந்த அமைதியைக் கேட்டுவிட்டு எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று பயந்தேன்.

இங்கே வந்தபின் சுமதி மின்னணுப் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். பூதக்கண்ணாடியும் அளவுகருவியும்தான் வேலை. முடியை நீளவாக்கில் பிளந்தால் எவ்வளவோ, அந்த அளவுக்குப் பிசகினாலும் சிவப்புத் தட்டில் போட்டுவிடுவாள். எங்கள் வீட்டில் தோசை கொஞ்சம் கோணலாக வந்தால், "ரிஜெக்ட்" என்று எங்கள் மகள் யாழினி தட்டை நீட்டுவாள். பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. இயந்திரங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள், சுமதியை விட்டுவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். பிறகு மரவேலை வகுப்பில் சேர்ந்தாள். அதன் பிறகு ஜாலான் புசார் பக்கம், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், பல பேர் பகிர்ந்துகொள்ளும் மரவேலைக் கூடத்தில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்தாள். கீழே இரும்புச் சாமான் கடை. கடையும் மாடியும் மிஸ்டர் கோவுக்குச் சொந்தம். எழுபதைத் தாண்டிய சீனர், வாசலில் சிறிய சிவப்பு மாடத்தில் ஆரஞ்சுப் பழமும் ஊதுபத்தியும் வைத்திருப்பவர்.

ரம்பம் வந்து இறங்கியபோது ஆயுத பூஜைக்குச் சில நாள் இருந்தது. சுமதி பெட்டியைப் பிரித்தாள், பூட்டினாள், துடைத்தாள். சுவிட்சைப் போடவில்லை.

"ஒரு தடவ ஓட்டிப் பாத்துரலாமே," என்றேன்.

"பூஜ போடாம மெஷின் ஓட்டுறதா? எங்கப்பா இருந்தா சிரிப்பாரு. இன்னும் நாலு நாள் சும்மா நிக்கட்டும்."

பூஜை அன்று மிஸ்டர் கோ மாடியேறி வந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இயந்திரத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"வாஹ், யுவர் மெஷின் ஆல்சோ ப்ரே ஆ? குட், குட். மஸ்ட் ப்ரே லா," என்றார். பொரியைக் கை நிறைய அள்ளிக்கொண்டு இறங்கிப் போனார். நான் படம் எடுத்தேன்.

3

விஜயதசமி அன்று முதல் பலகை அறுந்தது. கோணலாக.

பலகத்தின் மேல் ஓர் இரும்புப் பட்டை இருக்கும். அதை ஒட்டிப் பலகையைத் தள்ளிக்கொண்டே போனால், தலை முதல் வால்வரை ஒரே அகலத்தில் பட்டி பட்டியாக வர வேண்டும். வரவில்லை. ஒரு முனை தடித்தும் மறு முனை இளைத்தும் வந்தது. ஓரம் கருகியிருந்தது. கூடம் முழுக்க மரம் தீய்ந்த வாசனை.

"மொதோ தடவதானே, கை பழகணும்," என்றாள் சுமதி.

அவள் செய்யத் தொடங்கியது மரத்தில் ஓர் அஞ்சறைப் பெட்டி. யாழினிக்கு. அவள் வேலைக்குப் பக்கமாக அறை எடுத்துத் தோழிகளோடு தங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். இந்த ஊரில் கல்யாணம் ஆகாமல் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனால், அக்கம்பக்கம் நம்மைத்தான் துக்கம் விசாரிக்கும். சுமதி தடுக்கவில்லை. பெட்டி செய்கிறேன் என்றாள்.

"அம்மா, ஐ டோன்ட் ஈவன் குக்," என்றாள் யாழினி. "ஆனா நல்லாருக்கும். சார்ஜர், கேபிள்லாம் போட்டு வச்சுக்குவேன்."

"கடுகு போடுற எடத்துல கேபிளா?"

"கடுகு எதுக்கும்மா? கருவேப்பிலையே வேணாம்னு பொறுக்கி வைக்கிறவ நான்."

பெட்டிக்குள் தடுப்புகள் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து நிற்க வேண்டும். ஒன்றுகூட நிற்கவில்லை. ஒன்று ஆடியது, ஒன்று நுழையவே இல்லை. சுமதி அளவுகருவியை எடுத்தாள். ரம்பத்துக்கும் பட்டைக்கும் நடுவே அளந்தாள். ஒரு கணக்கு வந்தது. மறுபடி அளந்தாள். வேறு கணக்கு. வாரக்கணக்கில் இதுதான் நடந்தது. மூலையில் கோணல் பட்டிகள் விறகுக்கட்டைபோல் குவிந்தன. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துபோனது. பேசிப் பார்க்கலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், "மெஷின்ல ஒண்ணுமில்லீங்க, எனக்குத்தான் சரியா வரல," என்றாள்.

அந்த நாட்களில் வீட்டில் காகிதங்களின் பின்பக்கத்தில் கோலம் முளைத்தது. மின்கட்டண உறையில், காலண்டர் தாளில், ஊர்க்கோயில் வசூல் துண்டறிக்கையில். எல்லாம் ஒரே கோலம், நடுவில் ஒரு புள்ளி தொடங்கிச் சுற்றிச் சுற்றி விரியும் சுருள். நத்தை ஓடுபோல, கொசுவர்த்திபோல. எனக்கு அவை பிடித்திருந்தன. வெளிநாட்டில் ஒரு பெண் மனசுக்குள்ளேயே வாசல் தெளித்துக்கொள்கிறாள் என்று என் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவைத்தேன். நல்ல வரி வந்துவிட்டதென்று இரண்டு நாள் உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஒரு சுருளை யாழினிக்குக் காட்டினேன். அவள் கைபேசியிலிருந்து தலை தூக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அப்பா, இது கோலம் இல்ல. இது டெஸ்ட்."

"என்ன டெஸ்ட்?"

"கை நடுங்குதான்னு பாக்குற டெஸ்ட். டாக்டர்ங்க வரையச் சொல்லுவாங்க. லைன் வேவியா வந்தா..." நிறுத்தினாள். "தாத்தாவுக்கு இருந்துச்சுல்ல. அம்மா பாலிகிளினிக்ல அப்பாயின்ட்மென்ட்கூட போட்டிருக்காங்க. யூ டோன்ட் நோ ஆ?"

எனக்குத் தெரியாது. அறையை விட்டு வெளியே வராத பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. நான் வரி எழுதிக்கொண்டிருந்தேன்.

மாமனாருக்குக் கடைசியில் கை நடுங்கியது. பட்டறையில் யாரும் முதலில் கவனிக்கவில்லை. அவர் கடைந்த அச்சுகள்தான் முதலில் பேசின. திரும்பி வரத் தொடங்கின. எந்திரத்தில் ஏதோ பிசகு என்று லேத்தைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். எந்திரத்தில் பிசகே இல்லை. பிறகு பெரியாஸ்பத்திரியில் அந்தப் பிசகுக்கு ஒரு நோயின் பேர் சொன்னார்கள். அவர் போனபின் எங்கள் வீட்டில் நடுக்கம் என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. கை உதறுது, குளுருது, பிடி இல்ல என்று சுற்றிவளைத்துப் போவோம்.

சுமதி அப்பாவின் கதையைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் எந்திரத்தைக் குற்றம் சொன்னார், குற்றம் கையில் இருந்தது. அந்தத் தப்பைத் தான் செய்துவிடக் கூடாதென்று, கையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

4

ரம்பத்தைச் செய்த நிறுவனத்துக்கு எழுதத் தொடங்கினேன். பணம் திரும்ப வர வேண்டாம். பிசகு எதில் என்று ஒருவர் சொன்னால் போதும்.

முதலில் பேசியது ஆளே இல்லை. திரையின் மூலையில் ஒரு குமிழி: "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. ரம்பம் கோணலாக அறுக்கிறது என்றேன். நேராக அறுப்பது எப்படி என்ற காணொளியை அனுப்பியது. பார்த்துவிட்டோம் என்றேன். உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி என்று மூடிக்கொண்டது.

பிறகு மின்னஞ்சல். ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு பெயரில் வந்தது. ஒவ்வொருவரும் முதலிலிருந்து கதை கேட்டார்கள். எல்லாரும் "அன்புள்ள ஐயா" என்றே தொடங்கினார்கள். இயந்திரத்தை ஓட்டுபவர் என் மனைவி என்று எழுதினேன். "அன்புள்ள ஐயா, தங்கள் மனைவி அனுபவமுள்ளவர்தானா?" என்று பதில் வந்தது. சுமதி என் தோளுக்கு மேலாகப் படித்தாள். "மெஷின் என்னோடது, ஐயா நீங்களா? இருங்க, நாளைக்கு ஒங்களையே அறுக்கச் சொல்றேன்," என்றாள். நீண்ட நாள் கழித்து ஒரு கேலி. ஆனால் அடுத்த வரியைப் படித்ததும் உள்ளே போய்விட்டாள். அதில் இருந்தது இதுதான்: இத்தகைய கோணல் பெரும்பாலும் பயன்படுத்துபவரின் கையால் ஏற்படுவது; அல்லது வாங்கியபின் இயந்திரம் கீழே விழுந்ததால்.

கையால். அந்த ஒரு சொல் எங்கள் வீட்டுக் கூடத்தில் பல நாள் உட்கார்ந்திருந்தது.

இயந்திரத்தின் முழு உருவமும் எண் பொறித்த தகடும் தெரியும்படி படம் அனுப்பச் சொன்னார்கள். என்னிடம் இருந்த படங்களில் எல்லாமே தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். அனுப்பிவிட்டேன். பூஜைப் படம்.

நான் அலுவலகத்தில் இருந்தபோது பதில் வந்தது. இதுவரை இல்லாத மரியாதை, இதுவரை இல்லாத பதற்றம். "தங்கள் மனைவிக்கு நேர்ந்த விபத்துக்கு ஆழ்ந்த வருத்தம். படத்தில் பலகத்தின் மேலும் பழத்துண்டுகளின் மேலும் இரத்தம் காணப்படுகிறது. காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைத்துவிட்டதா? இந்த விவகாரம் விபத்துப் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளது. இயந்திரத்தைத் தொட வேண்டாம், துடைக்க வேண்டாம், இதுபற்றி வெளியில் பேச வேண்டாம்."

ஆனந்தமாக இருந்தது, ஒரு கணம். என் மனைவியின் கையைப் பற்றி ஒருவராவது கவலைப்பட்டார்களே.

இரத்தம் அல்ல, சமயச் சடங்குக்காக வைத்த செந்நிறப் பொடி என்று எழுதினேன். அந்தப் பொடியின் பாதுகாப்புத் தகவல் தாளை அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். எது எதற்கோ தாள் வைத்திருக்கும் வீடு எங்களுடையது. குங்குமத்துக்கு மட்டும் இல்லை.

"ஜஸ்ட் டெல் தெம், மஞ்சளும் சுண்ணாம்பும்னு," என்றாள் யாழினி. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

அதையும் எழுதினேன். விபத்துப் பிரிவிலிருந்து பழைய பிரிவுக்கு மாற்றினார்கள். புதிதாக ஒரு காரணம் கிடைத்திருந்தது: இயந்திரத்தின் மீது பொடியும் பழச்சாறும் படும்படி செய்தது வழக்கமான பயன்பாடு ஆகாது. எனவே உத்தரவாதம் பொருந்துமா என்று பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

5

ஒரு சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் நடந்துகொண்டிருந்தோம். சிராங்கூன் சாலையில் தீபாவளி முடிந்தும் கழற்றாத விளக்கு வளைவுகள் பகலில் வெறும் கம்பிகளாக நின்றன. விளக்கு எரியாத வளைவுகளை எனக்குப் பிடிக்கும். கண் விழித்துக்கொண்டே தூங்குபவர்கள்போல இருக்கும். ஒரு கடையில் டீ சொன்னோம். இங்கே நாமே போய் எடுத்து வர வேண்டும். நான் எழுந்தேன். சுமதி என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

இரண்டு கோப்பைகளையும் அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். விளிம்புவரை ததும்பும் டீ. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சாமான் இறக்குபவர்கள், பிள்ளை வண்டி தள்ளுபவர்கள், நடுவில் படமெடுக்கும் சுற்றுலாக்காரர்கள் என்று எல்லாருக்கும் இடையில், யாரையும் பார்க்காமல், கோப்பைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தாள். டீயின் மேல் ஆடை அசைகிறதா என்று பார்க்கிறாள் எனப் புரிந்தது. நானும் அதையே பார்த்தேன். இரண்டு பேரும் பார்க்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

சாஸரில் கொஞ்சம் சிந்தியிருந்தது.

"கூட்டம்," என்றேன்.

"ம்," என்றாள்.

ரயிலில் திரும்பும்போது, "அந்த மெஷினைத் தூக்கிப் போட்டுரலாங்க," என்றாள். "பெட்டிய கடையில வாங்கிக்கலாம். பிளாஸ்டிக்ல அழகழகா இருக்கு."

தொழிற்சாலை அவளை விட்டுப் போனபோதுகூட அவள் குரல் அப்படி இருந்ததில்லை.

6

அடுத்த சனிக்கிழமை, மெயில் எழுதியது போதும் என்று, யாழினி அவர்கள் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். கைபேசியைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். காத்திருப்பு இசை ஓடியது. முடிவில்லாத ஒரு பியானோ. சுமதி தள்ளி உட்கார்ந்து, உதவாத பட்டி ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை வருவதுபோல் இருட்டிவிட்டு வராமல் நின்றது. எனக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கியது; திருவெறும்பூர்த் தெருவில் யாரோ பியானோ கடைவதுபோல் ஒரு கனவு வரப்பார்த்தது.

"தேங்க் யூ ஃபார் ஹோல்டிங். மை நேம் இஸ் ஆண்ட்ரூ."

விழித்துக்கொண்டேன். அந்த 'ஹோல்டிங்'கை அவர் இறக்கிவைத்த விதத்தில் எனக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையமே கேட்டது.

"தம்பி, தமிழா?"

அந்தப் பக்கம், தூரத்தில் பல பேர் பல பெயர்களில் மன்னிப்புக் கேட்கும் இரைச்சல்.

"சார், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. நாம் ஆங்கிலத்திலேயே தொடரலாமா?" என்றார், ஆங்கிலத்தில்.

யாழினி என் கையில் ஓர் அடி போட்டாள். "அப்பா, டோன்ட் கெட் ஹிம் இன்டு ட்ரபிள்," என்று கிசுகிசுத்தாள்.

அவர் எங்கள் கோப்பைத் திறந்து வாசித்தார். விபத்து என்று இருக்கிறதே என்று தொடங்கினார். தட்டச்சு ஒலி கேட்டது. சட்டென்று நின்றது. அந்த இடைவெளியில் அவர் படத்தைப் பார்க்கிறார் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

"சார்," என்றார். ஆங்கிலம்தான், ஆனால் குரல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. "இந்தப் படம் ஆயுத பூஜை அன்று எடுத்ததா?"

"ஆமாம்."

"அப்படியென்றால் அதுவரை இயந்திரத்தை ஓட்டியிருக்க மாட்டீர்கள்."

"இல்லை. மறுநாள்தான்."

"பார்க்கிறேன், சார். பிளக்கில் உறைகூட எடுக்கவில்லை." படத்தைப் பெரிதாக்கினார் போலிருக்கிறது. "ஆரஞ்சுத் தகட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரம்பத்தின் முன்பக்கம் கீற்றின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கிறது. பின்பக்கம் இடது ஓரத்தில். நேராக நின்றால் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். ரம்பத்தைத் தாங்கும் அடிப்பகுதியில் வெடிப்போ என்னவோ. அசைந்து அசைந்து நிற்கும். அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வரும்."

யாழினி படத்தை விரித்தாள். நாங்கள் எத்தனையோ முறை பார்த்த படம். பூவைப் பார்த்தோம், பொட்டைப் பார்த்தோம், பொரியில் மிஸ்டர் கோவின் கைத்தடம் விழுந்த பள்ளத்தைக்கூடப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ரம்பம் சாய்ந்து நிற்பதை யாரும் பார்க்கவில்லை. உப்புத்தாளின் சத்தம் நின்றிருந்தது.

அவர் தட்டச்சு செய்துகொண்டே வாய்விட்டு வாசித்தார். "முதல் பயன்பாட்டுக்கு முன்பே எடுத்த படத்தில் ரம்பம் கோணலாகத் தெரிகிறது. சிவப்பு நிறப் பொருள்..." யோசித்தார். "அலங்காரம்."

யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது சுமதி எழுந்து வந்தாள். மேசைமேல் குனிந்தாள், கைபேசிக்கு ரகசியம் சொல்பவள்போல. தொழிற்சாலையில் மேலாளரிடம் பேசும் அந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"சோ... இட் இஸ் நாட் மை ஹேண்ட்?"

இந்தக் கேள்விக்கு அவர்கள் கையேட்டில் பதில் இருந்திருக்காது.

"இல்லம்மா," என்றது குரல், தமிழில். "உங்க கை இல்லம்மா."

உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, "இஸ் தேர் எனிதிங் எல்ஸ் ஐ கேன் ஹெல்ப் யூ வித் டுடே?" என்றது.

வேறொன்றும் இல்லை என்றோம்.

7

சில நாள் கழித்து நிறுவனத்திலிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. பிசகுக்குக் காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை, எனினும் நல்லெண்ணத்தின் அடிப்படையில் வேறு இயந்திரம் அனுப்புகிறோம். அன்புள்ள ஐயா. அவ்வளவுதான். தப்பு அவர்களுடையது என்று ஓரிடத்திலும் இல்லை. அது அவர்களுடைய ஒலிப்பதிவுக் கிடங்கில் எங்கோ, மூன்று தமிழ்ச் சொல்லாகக் கிடக்கும். யாராவது கேட்டிருப்பார்களா, கேட்டு அந்தப் பையனை ஏதாவது சொல்லியிருப்பார்களா என்று இன்றும் நினைப்பேன். அவருடைய உண்மையான பெயர் எங்களுக்குத் தெரியாது. சுமதி வீட்டுப் பூஜையில் ஒரு பொட்டு அதிகமாக வைக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

பாலிகிளினிக்குக்கும் போய்விட்டு வந்தாள். "போட்டது போட்டாச்சு, போயிட்டு வந்துரலாம்," என்றாள். மருத்துவர் ஒரு தாளை நீட்டிச் சுருள் வரையச் சொன்னாராம். அவள் வரைந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, "நிறையப் பயிற்சியோ?" என்று கேட்டாராம். கவலைப்பட ஒன்றுமில்லை, ஏதாவது மாறினால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

புது ரம்பம் வந்தபோது ஆயுத பூஜை முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அடுத்த பூஜைவரை காத்திருக்க அவளுக்கே பொறுமை இல்லை. "பூஜ போட்டு ஒரு நாள் நிப்பாட்டி வைப்போம், போதும்," என்றாள். அறை மாறிப் போயிருந்த யாழினி அதற்காக வந்தாள். குங்குமத்தை அவள்தான் வைத்தாள், தாராளமாக. எலுமிச்சம்பழம் அறுக்கும்போது, "அம்மா, ப்ளீஸ், இன்னொரு மர்டர் கேஸ் வேணாம்," என்றாள். பிறகு பிளக்கை எடுத்து உறையோடு தாம்பாளத்தின் முன்னால் வைத்துத் திருப்பி, "அப்பா, ப்ளக் தெரியுதா? ரம்பம் தெரியுதா? ஓகே, இப்ப எடுங்க," என்றாள். எங்கள் குடும்பத்தில் பூஜைக்குப் புதிதாக ஒரு முறை சேர்ந்துவிட்டது. அவள் பிள்ளைகள் காரணம் தெரியாமலேயே பிளக்கைச் சாமி முன்னால் வைக்கக்கூடும்.

மறுநாள் மதியம் நானும் சுமதியும் மட்டும். யாழினிக்கு வேலை. சுமதி சுவிட்சைப் போட்டாள். கீழே கடையில் மிஸ்டர் கோ யாரிடமோ ஹொக்கியன் சீனத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அமுங்கிப்போனது. பலகையை இரும்புப் பட்டையோடு ஒட்டவைத்து மெதுவாகத் தள்ளினாள். மரத்தூள் வெயிலில் பறந்தது. கருகும் வாசனை இல்லை. அறுத்த மரத்தின் வாசனை மட்டும். இரண்டு பட்டிகள் அறுத்தாள். சுவிட்சை அணைத்தாள். ரம்பம் சுற்றிச் சுற்றி ஓய்ந்து நின்றது. திருவெறும்பூரில் ஆண்டுக்கொரு நாள் வரும் அந்த அமைதி, ஜாலான் புசார் மாடியில் கொஞ்ச நேரம் வந்து நின்றது.

அறுத்த ஓரங்கள் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். வெளியே நடுப்பகல். எதிர்ச் சுவர், ஏசி பெட்டிகள், பேருந்தின் கண்ணாடி எல்லாம் வெயிலில் பளபளத்தன.

"பாருங்க. நடுவுல வெளிச்சம் வருதா?"

குனிந்து பார்த்தேன். இரண்டு மரங்கள் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய கோடுகூட இல்லை.

"வரல."

"கண்ணாடி போட்டுட்டுப் பாத்துச் சொல்லுங்க."

போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை. மறுபடியும் முதலிலிருந்து. இவ்வளவு பெரிய வெளிச்சத்தில் ஒரு சொட்டும் கசியவில்லை.

"வரல சுமதி. எங்கயும் வரல."

அவள் கையைக் கீழே இறக்கவில்லை. நானும் விலகவில்லை. இப்போது மரத்தைப் பார்க்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"எவ்ளோ நேரம்தான் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கிறது?" என்று சிரித்தாள். "கை நடுங்குது பாருங்க. வாங்கிக்குங்க."